உப்புக்காற்றில் ஒரு டாக்

இறுவட்டுக்குள் பாட்டு இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துவைத்த நீண்ட பட்டியல் அது. இடக் காதுக்கு ஒரு பட்டியல், வலக் காதுக்கு ஒன்று. மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அதற்கு இரட்டிப்பிலும் சற்றுக் கூடுதலாக அளவெடுத்தால் அலை முழுவதும் பிடிபட்டுவிடும். அப்படியென்றால் ஏன் சரியாக 44,100? அந்தக் காலத்தில் இத்தனை எண்களைப் பதிந்துவைக்க வாகாகக் கிடைத்தது வீடியோ ரெக்கோடர்தான். படத்தின் ஒரு வரியில் 3 எண்கள், ஒரு வீச்சுக்கு 245 வரிகள், நொடிக்கு 60 வீச்சுகள். பெருக்கிப் பாருங்கள். தொலைக்காட்சிக்காரர் போட்ட கணக்கு இன்றும் நம் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண்களை மீண்டும் மின்னலையாக்கி அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவியைத்தான் ஆர்வலர்கள் ‘டாக்’ என்கிறார்கள். கைப்பேசிக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. பாட்டில் பித்துப் பிடித்தவர்கள் அதைத் தனிப் பெட்டியாக வாங்கி மேசையில் வைக்கிறார்கள். வீட்டு டிஜிட்டல் இசைப் பொழுதுபோக்கின் இதயம் இந்தப் பெட்டிதான்.

பழைய டாக் வேலை செய்யும் விதம் மளிகைக் கடைத் தராசை ஒத்தது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துப்போகும் 16 எடைக்கற்கள். கடைசிக் கல் 32,768. எண்ணுக்கேற்ற கற்களைத் தட்டில் வைத்தால் அந்த அளவு மின்சாரம் வரும். கற்களின் இடத்தில் இருப்பவை மின்தடைகள். சிக்கல் பெரிய கல்லில்தான். அதில் ஓர் இம்மி பிசகினால் அந்தப் பிசகே சின்னக் கல்லின் எடையைத் தாண்டிவிடும். பிறகு சின்னக் கல் இருந்தும் பயனில்லை. 1980களின் தொடக்கத்தில் இத்தனை துல்லியத்தை ஒரு சில்லுக்குள் கொண்டுவருவது பெரும்பாடு.

பிலிப்ஸ் பொறியாளர்கள் இதற்குச் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் வரும். அவர்களிடம் இருந்தது 14 பிட் டாக், அதாவது 14 கல் தராசு. இறுவட்டோ 16 பிட். அவர்கள் எண்களுக்கிடையே புதிய எண்களைக் கணக்கிட்டுச் செருகி, நொடிக்கு 44,100ஐ 1,76,400 ஆக்கினார்கள். பிழையால் எழும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சில்லு 16 பிட்டின் வேலையைச் செய்தது. இன்றைய டெல்ட்டா-சிக்மா சில்லுகள் அதே தந்திரத்தை எல்லைவரை இழுத்தவை: மிகச் சில படிகளை நொடிக்குப் பல இலட்சம் தடவை மாற்றி மாற்றி, சராசரியில் இசையை எடுக்கின்றன.

விளம்பரங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டுப் போல வரைந்து, 192 கிலோஹேர்ட்ஸ் வாங்கினால் படிகள் சிறுக்கும் என்பார்கள். நம்பாதீர்கள். டாக்கின் வடிகட்டியைத் தாண்டி வெளியே வருவது வழுவழுப்பான அலை. படிக்கட்டு அங்கே கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 24 பிட் தேவை, திருத்துவதற்கு இடம் கிடைக்கும். கேட்பதற்கு இறுவட்டின் தரமே போதும் என்பது என் கட்சி.

அப்படியானால் பணத்தையும் கவனத்தையும் எங்கே வைப்பது? கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருப்பவருக்கு விடை எளிது: உப்பிலும் ஈரத்திலும் மின்சாரத்திலும். கடற்காற்றின் உப்புத்துகள் ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பையும் தகரத்தையும் அரிக்கும். வால்யூம் திருகும்போது கரகரப்பு, ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென ஊமையாவது எல்லாம் பெரும்பாலும் இந்த அரிப்பின் வேலை. தங்க முலாம் பூசிய முனை வேறிடத்தில் பந்தாவாக இருக்கலாம். இங்கே அது தேவை. விலையுயர்ந்த யூஎஸ்பி கேபிள்தான் வீண்: எண் சரியாக வந்து சேர்ந்தால் போதும், அதைச் சாதாரணக் கேபிளும் செய்யும். ஏசியை நிறுத்திய கையோடு சன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்று வியர்க்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. பெரிய அம்ப்ளிஃபயர்கள் அலங்காரப் பொருளாகின. ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கைக் கணினி, சிறிய டாக், ஹெட்போன் மூன்றும் சேர்ந்து உண்பது நாலைந்து வாட்தான்; 20,000 மில்லிஅம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் 12 மணி நேரம் ஓடும். கூடவே ஓர் இலாபம்: மடிக்கணினிச் சார்ஜர் வழியாகவும் அம்ப்ளிஃபயர் வழியாகவும் நிலக்கம்பி சுற்றி வருவதால் எழும் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் பற்றரியில் கேட்காது.

தீவுக்காரருக்குச் சாமான் கப்பலில் வரவேண்டும், சுங்கத்தைத் தாண்டவேண்டும். ஆனால் சில்லு பிறக்கும் இடமும் ஒரு தீவாக இருக்கலாம். 2020 ஒக்டோபரில் ஜப்பானின் கியூஷு தீவில், நொபெயோக்கா நகரில், அசாஹி கசேய் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை எரிந்தது. உயர்தர டாக் சில்லுகளுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு. உற்பத்தியாளர்கள் பலர் வேறு சில்லுக்கு ஏற்பத் தம் கருவிகளைத் திரும்ப வடிவமைக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் பழைய கசெட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அப்படியே ஓட்டக்கூடாது. அது ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் தொற்றும். சுத்தப்படுத்தி, ஓட்டி, எண்ணாக்கி, ஃப்ளாக் என்னும் சுருக்கக் கோப்பாகச் சேமித்தால் அளவு பாதியை ஒட்டிக் குறையும், ஓர் எண்கூடத் தொலையாது. நாடா ஒவ்வொரு ஓட்டத்திலும் தேயும். கோப்பை எத்தனை பிரதி எடுத்தாலும் எல்லாம் ஒன்றே.

ஸ்பீக்கரை மட்டும் எண்ணாக்க முடியாது. பழைய பொருள் கடையில் வாங்குவதாயிருந்தால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அது பொலியூரித்தேன் நுரையாயிருந்தால் நம் ஈரக்காற்று அதைச் சில ஆண்டுகளில் பொடியாக்கிவிடும். ரப்பர் விளிம்பென்றால் துணிந்து வாங்கலாம். நுரையென்றால், புது விளிம்பு ஒட்டும் கூலியைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.