செவி பெறும் மொழி

ஒரு மொழியின் உயிர் ஏட்டில் உளதா, நாவில் உளதா? லித்துவேனிய மக்களின் வரலாறு இவ்வினாவிற்கு இருமுறை விடையளித்துள்ளது என்பேன்.

1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு, லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடுவதைத் தடைசெய்திருந்தது. பிரஷ்யாவில் அச்சான நூல்களை மக்கள் எல்லை கடந்து மறைவாகச் சுமந்து வந்தனர். மொழி ஏட்டினால் உய்ந்தது.

இன்று வந்துள்ள சோதனை வேறு. மனிதன் பேசப் பொறி கேட்கும் காலம் இது. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பேசும் மொழிக்காகப் பெருவணிகர் விரைவதில்லை. பொறியின் செவிக்கு அம்மொழி எளியதுமன்று. 'அவுக்ஷ்தஸ்' என்னும் சொல்லில் முதலசையின் ஓசை இறங்கின் 'உயர்ந்த' என்பது பொருள். ஏறின் கட்டடத்தின் 'மாடி'. எழுத்தோ இரண்டிற்கும் ஒன்றே.

எனவே ஏடு மட்டும் போதாதாயிற்று. வில்னியஸ் பல்கலைக்கழகத்தார் 'லியேபா' என்னும் திட்டத்தின் வாயிலாகப் பலருடைய பேச்சைப் பதிவுசெய்தனர். முதலில் 100 மணிநேரம், பின்னர் 1,000 மணிநேரம். அக்குரல்களே பொறிக்குப் பாடநூல்.

தன் மொழி பொறிக்கு விளங்காதெனின் சிறுவன் அதனோடு அயல்மொழியிற் பேசுவான். நாளடைவில் அதுவே பழக்கமாகும். அன்று நூலைச் சுமந்தவர் செய்த தொண்டையே இன்று குரலை ஈந்தவர் செய்துள்ளனர் என நான் கருதுகிறேன்.