காது அடைப்பும் கழுத்து நோவும்: "ஒன்றுமில்லை" என்ற பிறகு

மூன்று வருடங்களாக என் இடது காதுக்குள் தண்ணீர் புகுந்தது போன்ற அடைப்பு. அதே பக்கம் கழுத்திலிருந்து பிடரி வரை நோ. 2009இல் ஷெல் வெடித்தபோது அடைத்துப்போனதும் அந்தக் காதுதான். அன்றைய காயம் இன்னும் ஆறவில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் செவிப்பறையைப் பார்த்தார். கேட்டல் பரிசோதனையும் செய்தார்கள். "காதில ஒன்றுமில்லை" என்றார். ஆறுதல் வரவில்லை; என் நோவை நம்பவில்லையே என்ற கோபம்தான் வந்தது. பிறகு பார்த்த வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "நித்திரையில பல்லுக் கடிக்கிறனீங்களோ?" அம்மாவிடம் விசாரித்தேன். "பங்கருக்குள்ள படுத்த காலத்தில இருந்து கடிக்கிறாய்" என்றார்.

தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. தாடை, காது, மேல் கழுத்து ஆகியவற்றின் நோச் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே பகுதியில் சந்திக்கின்றன. அதனால் இறுகிய தசையின் நோ, காதுக்குள் இருப்பதாகவே தெரியலாம். ஆபத்தின்போது தோளை உயர்த்தித் தலையைக் குனிந்து பல்லைக் கடிப்பது உடலின் தற்காப்பு. ஆபத்து போன பின்னும் உடல் அதை விடாதிருக்கலாம். மடிக்கணினி முன் குனிந்தே இருக்கும் என் தொழில் அதை இன்னும் கூட்டியது. இது கற்பனை நோ அல்ல.

ஆனால் சளி, காதுக் குறும்பி, செவிப்பறைத் துவாரம் ஆகியவையும் அடைப்பைத் தரும். ஆகவே பரிசோதனைதான் முதலில். அதற்கு முன் காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனாலோ, கை விறைத்துப் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எனக்கு உதவியவை எளியவை: வாய் மூடியிருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் வைத்திருப்பது, கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தியது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புவது, சூட்டு ஒத்தடம், இயன் மருத்துவர் காட்டித்தந்த பயிற்சிகள். நோ முற்றாகப் போகவில்லை. ஆனால் இப்போது இரவில் நித்திரை கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. உடலில் ஷெல் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். உலோகத் துண்டு அசையவோ சூடாகவோ கூடும். எப்படி வந்தது என்று கேட்பார்களோ என்ற பயத்தில் மறைக்கத் தோன்றும். எனக்கும் அந்தப் பயம் தெரியும். என்றாலும் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும்.