குரல் எழும்பியது, கேட்க ஆளில்லை

மொன்றியலில் இருந்து பேசுகிறேன். இந்த நேரலையைப் பார்ப்பவர்கள் பலரது வீட்டில் ஒரு நிரலாளராவது இருப்பார். நிரல் எழுதாதவருக்கும் விளங்கும் கதைதான் இது.

பழைய காரின் தூரமானியில் ஐந்து இலக்கங்கள்தான். 99,999 ஐத் தாண்டினால் மீண்டும் 00000. கார் ஓடியது உண்மை, எழுத இடமில்லை. கணினியிலும் அப்படியே. குறியுடைய 16 பிட் முழு எண்ணில் 32,767 வரைதான் கொள்ளும். பெரிய எண்ணை அதற்குள் ஊற்றினால் வழியும். சில மொழிகள் சத்தமில்லாமல் தவறான எண்ணைக் கையில் தந்துவிடும். சில மொழிகள் உடனே குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்குப் பெயர் விதிவிலக்கு.

குரல் எழும்பினால் போதுமா?

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் இருந்து ஐரோப்பாவின் அரியான் 5 ரொக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. திசையறியும் கருவியின் மென்பொருள் அரியான் 4 இல் இருந்து எடுத்தது. புதிய ரொக்கெட்டோ கிடைத்திசையில் பழையதைவிட மிக வேகமாகப் போனது. அந்த வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளவில்லை. அடா மொழியில் எழுதிய நிரல் சரியாகவே விதிவிலக்கை எழுப்பியது. அதைப் பிடிக்க அங்கே எதுவும் எழுதப்படவில்லை. அப்படியானால் கருவி நின்றுவிட வேண்டும் என்பதே வடிவமைப்பு. மாற்றுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான். அது சற்று முன்னரே நின்றிருந்தது.

நின்ற கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை, பறப்பை நடத்தும் கணினி உண்மையான தரவு என்று எடுத்துக்கொண்டது. ரொக்கெட் சடுதியாகத் திரும்பி, உடைந்து, தன்னைத்தானே அழித்தது. கிளம்பி 40 வினாடிகூட ஆகவில்லை. அதோடு நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

அந்தக் கணக்கு, கிளம்பிய பிறகு அரியான் 5 க்குத் தேவையே இல்லை என்பதுதான் மனதை உறுத்துவது. ஆபத்தான மாற்றங்கள் ஏழில் நான்குக்குக் காவல் போட்டிருந்தார்கள். கணினிக்குச் சுமை கூடும் என்று மற்ற மூன்றையும் விட்டார்கள். அவை எல்லை தாண்டாது என்ற கணிப்பு அரியான் 4 க்குச் சரி.

ஆகவே, எண்ணைச் சின்ன இடத்துக்கு மாற்றும் முன் எல்லையைப் பாருங்கள். தாண்டினால் குரல் எழும்பட்டும். அதை யார் கேட்பது, கேட்டு என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவையுங்கள். வங்கிக் கணக்கில் நிறுத்துவது நல்லது. பறக்கும் ரொக்கெட்டில் கடைசியாகக் கிடைத்த நல்ல மதிப்போடு தொடர்வதே நல்லது. எது பொருந்தும் என்று மொழி சொல்லாது, எழுதுபவர்தான் சொல்லவேண்டும்.

பழைய நிரலைப் புதிய வேலைக்கு எடுக்கும்போது, அதன் எல்லைகளும் கூடவே வருகின்றன.