யாருக்குப் பலிக்கும்?

"நஜீஸ் எப்படி மருந்தாகும்?" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 2013இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வொன்று யோசிக்க வைத்தது. குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் கண்ட நோயாளிகள். சுகதேகிகளின் மலத்தைக் கரைத்து, வடித்து, குழாய் வழியே சிறுகுடலில் விட்டதில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் சுகமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் நால்வரே சுகமானார்கள்.

தவறிய மூவரில் இருவர், வேறொருவரின் மலம் கொடுத்ததும் தேறினர். அப்படியானால் கொடுப்பவர் மட்டுமா காரணம்? இல்லை.

அன்டிபயோட்டிக் குடலிலுள்ள நல்ல நுண்ணங்கிகளையும் அழித்துவிடும். பித்த அமிலங்களை மாற்றி, அந்தக் கிருமியை வளரவிடாமல் தடுப்பவை அவைதான். புதிதாக வந்தவை வேர்பிடித்தால்தான் சுகம் நிலைக்கும். நோய் முற்றியவர்கள், ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும் நிலையில் சிகிச்சை பெறுபவர்கள், பிறகு வேறு வருத்தத்துக்கு அன்டிபயோட்டிக் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது தவறும் வாய்ப்பு அதிகம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலிரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது ஓரளவு இருக்கிறது. அதனால் கொடுத்தவர் யார் என்று பார்ப்பதோடு, வாங்கியவர் அடுத்து என்ன மருந்து எடுக்கப்போகிறார் என்றும் கேட்கத்தான் வேணும்.