யுத்தகால விளம்பரங்களும் மறைந்த உழைப்பும்

முதலாம் உலக யுத்தகாலத்தில் (1914–18) இங்கிலாந்தின் மாகாணப் பத்திரிகைகள் பலவற்றின் முதற்பக்கத்தை நிரப்பியவை செய்திகளல்ல, விளம்பரங்களே. 'மன்செஸ்ரர் கார்டியன்' 1952 வரை இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

இவ்விளம்பரங்களை நோக்குமிடத்து, பண்டங்களும் சீருடை தரித்துக்கொண்டமை புலனாகும். கொடக் நிறுவனத்தின் சட்டைப்பைக் கமெரா போர்வீரனின் கமெராவாயிற்று. (அதனைப் போர்முனைக்குக் கொண்டுசெல்வதை இராணுவம் தடைசெய்தமை வேறு கதை.) அதிகாரிகளின் மழையங்கியோ அகழிப் போரின் பெயரைப் பெற்றது.

மோட்டார் வண்டியின் நிலை இன்னும் சிக்கலானது. 1915 இல் நிதியமைச்சர் மக்கென்னா இறக்குமதிக் கார்கள்மீது 33⅓ சதவீதத் தீர்வை விதித்தார், பாரவண்டிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. சுதந்திர வர்த்தகத்தைப் போற்றிய லிபரல் கட்சியைச் சேர்ந்தவர் அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தொழிற்சாலைகள் யுத்த உற்பத்திக்குத் திரும்பின. பெற்றோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆயினும் கார் விளம்பரம் மறையவில்லை. விற்கக் கார் இல்லாதபோது, சமாதான காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்பே பண்டமாயிற்று.

நம்மை நெருங்கித் தொடுவது ரயர் விளம்பரமே. அது பிரித்தானியத் தயாரிப்பின் உறுதியையும் தேசபக்தியையும் பேசும்; றப்பர் வந்த இடத்தைப் பேசாது. பண்டத்தின் உருவம் உழைப்பின் உறவுகளை மறைக்கின்றது என்ற மார்க்சின் கருத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. மலாயாவிலும் இலங்கையிலும் றப்பர்ப் பால் வெட்டியோருட் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர். இலங்கையில் அவர்களைப் பற்றியும் ஒரு கடதாசி கைமாறியது. 'துண்டு' எனப்பட்ட அதில், குறித்த கடன்தொகையைச் செலுத்துவோர் இத்தொழிலாளரைப் பெற்றுக்கொள்ளலாம் என எழுதப்பட்டிருக்கும். அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921 இலேயே.