தவளை கடலைத் தாண்டியதா?

ஐப்பசி மழை கொட்டியதும் செங்கல்பட்டு மாவட்டம் புதுப்பட்டினத்தில் குட்டைகள் நிரம்பிவிடும். இரவெல்லாம் தவளைகள் கத்தும். ஆனால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலில் அவை இறங்குவதில்லை!

காரணம் என்ன? தவளையின் தோல் மெல்லியது. உப்பு நீரில் கிடந்தால் உடம்பில் உள்ள தண்ணீர் வெளியேறிவிடும். தவளை செத்துப்போகும். அநேகமாக எல்லாத் தவளைகளுக்கும் இதே கதிதான்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பன்றி மூக்குத் தவளை

2003-ம் ஆண்டு, கேரள மலைகளில் வாழும் ஒரு விசித்திரத் தவளையைப் பற்றி இந்திய விஞ்ஞானி எஸ்.டி.பிஜுவும், பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரும் உலகுக்கு அறிவித்தார்கள்.

அதன் நிறம் ஊதா. மூக்கு, பன்றி மூக்குப் போலக் கூரானது. ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. கறையானைத் தின்கிறது. மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் முட்டையிட வெளியே வருகிறது.

அதே குடும்பத்துத் தவளை ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காட்டில் இருந்த அதற்கு 2017-ல் தனிப் பெயர் சூட்டினார்கள். மறைந்த ஊர்வன ஆராய்ச்சியாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயர் அது.

சொந்தக்காரர்கள் எங்கே?

இந்த இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம் இந்தியாவில் வேறு இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது! மரபணுச் சோதனையில் தெரிந்த உண்மை இது.

தவளை கடலைத் தாண்டியதா? இல்லை. நிலம்தான் நகர்ந்தது!

ஒரு காலத்தில் இந்தியா, செஷல்ஸ், மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் துருவ நிலம் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். அது துண்டு துண்டாக உடைந்தது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு செஷல்ஸும் இந்தியாவும் பிரிந்தன. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியது. இமயமலை எழுந்தது.

பாகப்பிரிவினையில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் போவது போல, தவளைக் குடும்பமும் இரண்டு நிலங்களில் தங்கிவிட்டது.

இதற்குக் கல்லும் சாட்சி சொல்கிறது. நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையாலோ பவளத்தாலோ உண்டானவை. செஷல்ஸின் பெரிய தீவுகளோ கருங்கல் தீவுகள். அவை பழைய பெருநிலத்தின் துண்டுகள்.

ஓடை வாழ வேண்டும்

எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதே ஒரு சரித்திரம். அதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. உயிர்களே சாட்சி.

ஊதாத் தவளையின் குஞ்சுகள், வேகமாக ஓடும் நீரில் பாறையை வாயால் கவ்வி வளர்கின்றன. ஓடையைத் தடுத்தால் குஞ்சுகளுக்கு வாழ்வில்லை. சாட்சி அழிந்தால், நாளைய பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல யார் இருப்பார்கள்?