எச்சிலில் ஊறிய நெல் வரலாறு

ஒரு கவளம் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாவுச்சத்துச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது.

தாமிரபரணிச் சீமைக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு பழையது. சிவகளையில் (1986 வரை நெல்லை மாவட்டம், இப்போது தூத்துக்குடி) முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அமெரிக்காவின் பீட்டா ஆய்வகம் கணித்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அது அறிவிக்கப்பட்டது. செத்தவருக்கும் நெல் வைத்து வழியனுப்பிய ஊர்!

அமிலேஸைச் செய்யச் சொல்லும் மரபணு சிம்பன்சிக்கு இரண்டு பிரதிதான். மனிதரில் ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருக்குப் பத்துக்கும் மேல். மாவுச்சத்தை அதிகம் உண்ணும் சமூகங்களில் சராசரி கூடுதல் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்மை அண்டி வாழ்ந்த நாய்க்கும், அதன் கணையத்தில் சுரக்கும் அமிலேஸுக்கான மரபணு பெருகியிருக்கிறது. ஓநாய்க்கு அப்படி இல்லை. வாசலில் சோற்றுக்கு வாலாட்டுவது சும்மா இல்லை.

உடம்பே சோற்றுக்குப் பழகிவிட்டது என்றால் சர்க்கரை நோய் ஏன்? தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. அமிலேஸின் வேலை வெட்டுவதோடு முடிந்தது. ரத்தத்தில் சேரும் குளுக்கோஸைச் செலவழிக்க இன்சுலினும் உழைக்கும் தசையும் வேண்டும். நாற்று நட்ட பாட்டி சாப்பிட்ட அதே அளவுச் சோற்றைப் பேரன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மரபணு மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வேலை மாற இரண்டு தலைமுறை போதும். பழியை மரபணுமேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போதாக்குறைக்கு, மில்லில் தீட்டத் தீட்டத் தவிடும் அதிலுள்ள பி1 வைட்டமினும் போய்விடும். நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது அந்த வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கித் தங்கும். வேதியியல் பெயர் தெரியாமலே செய்த நல்ல காரியம். பழையதிலும் விஷயம் உண்டு. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, அமிலேஸுக்கு எளிதில் மசியாமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு இரையாகிறது. கொஞ்சம்தான், அதை நம்பி இன்னொரு சட்டி ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

அல்வாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கோதுமைப் பாலில் இருப்பதும் இதே மாவுச்சத்துதான். கூடவே சீனியும் நெய்யும்.